இரண்டாம் கூண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து குழு, குழுவுக்கு ஆறு எலி, மொத்தம் முப்பது. எம்.ஃபார்ம். மருந்தியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். கிருஷ்ணகிரிக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களுக்கு ஆய்வு வழிகாட்டி. இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு ஆய்வில் மாட்டிக்கொண்ட ஒரு மரபணுப் பிறழ்வின் கதை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. சரியாக வேலை பார்த்திருந்தால் நான்கு நாளில் முடிந்திருக்கும்.

ஆய்வு வல்லாரை பற்றியது. நினைவாற்றலுக்கு வல்லாரை நல்லது என்பது ஊரறிந்த பேச்சு. மாணவி அதன் சாரத்தை எடுத்து ஸ்விஸ் அல்பினோ என்னும் வெள்ளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, மோரிஸ் நீர்ப்புதிரில் சோதித்தாள். ரிச்சர்ட் மோரிஸ் 1981-ல் எலிகளுக்காக அமைத்த சோதனை அது. வட்டத் தொட்டியில் தண்ணீர், தண்ணீருக்குச் சற்றே கீழே ஒரு சிறு மேடை. எலி நீந்தி மேடையைத் தேட வேண்டும். மேடை கண்ணுக்குத் தெரியாது; சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்துத்தான் அது எங்கே இருக்கிறதென்று நாளுக்கு நாள் கற்றுக்கொள்ளும். ஒரு ஓட்டத்துக்கு 60 விநாடி வரம்பு.

முதல் குழுவுக்கு வெறும் உப்புநீர். இரண்டாம் குழுவுக்கு நினைவைக் குலைக்கும் ஸ்கோபோலமின். மூன்றாவதற்கு ஸ்கோபோலமினோடு, மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில். நான்கும் ஐந்தும் ஸ்கோபோலமினோடு வல்லாரை, கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம். நான்காம் நாள் முடிவில் ஸ்கோபோலமின் குழு மேடையை அடையச் சராசரியாக 46 விநாடி எடுத்தது. 400 மில்லிகிராம் வல்லாரைக் குழு 15 விநாடி. எனக்கு வாயெல்லாம் பல். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பியும் விட்டோம்.

ஒன்று மட்டும் இடித்தது. எந்த மருந்தும் ஏறாத முதல் குழுவின் சராசரி 21 விநாடி. அதாவது, நினைவைக் கெடுத்துப் பிறகு வல்லாரை கொடுத்த எலி, ஒன்றுமே செய்யாத எலியைவிட வேகமாக மேடைக்குப் போகிறது. மாணவி இதைக் கேட்டபோது, "வல்லாரை அவ்வளவு நல்லதுதான் போல" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சராசரியைப் பிரித்துப் பார்த்தபோது

அவள் விடவில்லை. ஒரு நாள் தன் நோட்டை என் மேசையில் திறந்து வைத்து, "மேடம், சராசரியை விடுங்க. ஒவ்வொரு எலியா பாருங்க" என்றாள்.

இரண்டாம் குழுவின் ஆறு எண்கள்: 60, 60, 60, 57, 21, 18. முதல் குழு: 12, 13, 14, 15, 16, 58.

நினைவு குலைந்த எலிக் கூட்டம் இப்படி எண் தராது. ஒன்று 25, ஒன்று 40, ஒன்று 33 என்று சிதறிக்கிடக்கும். இங்கே நடுவே ஒன்றுமே இல்லை. ஒன்று, எலி மேடையை ஒழுங்காகக் கண்டுபிடிக்கிறது. இல்லை, வரம்பு முடியும்வரை நீந்திக்கொண்டே இருக்கிறது. 46 விநாடியில் வந்த எலி என்று அந்தக் குழுவில் ஒன்றுகூடக் கிடையாது. முதல் குழுவின் 21-ம் அப்படியே: ஐந்து எலி நன்றாகக் கற்றிருக்கிறது, ஒன்று அடியோடு கற்கவில்லை, சராசரி அந்த இரண்டையும் கலந்து ஒரு பொய் சொல்லியிருக்கிறது. நான்காம் குழுவிலும் அப்படி ஒரு எலி இருந்தது. ஆக மொத்தம் ஆறு.

அந்த ஆறும் நீந்திய விதத்தையும் மாணவி குறித்து வைத்திருந்தாள்: தொட்டியின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்தன, நடுவுக்கு வரவில்லை. பயந்த எலி செய்வது அதுதான். ஸ்கோபோலமின் ஏறிய எலியும் செய்யும். அதனால் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

முதலில் சந்தேகப்பட்டது தண்ணீரை. மார்கழியில் எங்கள் பக்கம் விடியற்காலைக் குளிர் எலும்பில் ஏறும். தொட்டித் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆனால் குறித்து வைத்த வெப்பநிலை எல்லா நாளும் ஏறத்தாழ ஒன்றே. அடுத்து, எடை, காயம், தொற்று: ஒன்றுமில்லை. கடைசியாக, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். மருந்தெல்லாம் நிறுத்திப் பத்து நாள் விட்டு, மேடையைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தி, அதன்மேல் ஒரு கறுப்புக் கொடியை நட்டு, முப்பது எலிகளையும் மறுபடி இறக்கினோம். இதில் நினைவுக்கு வேலை கிடையாது. கண் தெரிந்தால் நேராகப் போய் ஏறிக்கொள்ளலாம். 24 எலிகள் 15 விநாடிக்குள் ஏறின. அதே ஆறு, கொடியைத் தாண்டியும் சுவரோரமாகச் சுற்றின.

ஆறு எலிகளுக்கும் கண் தெரியவில்லை. ஆறில் நான்கு ஒரே கூண்டில், இரண்டாம் கூண்டில்.

இதை விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அந்தக் கூண்டு எலிங்க மூக்காலதான் பாக்கும் மேடம். கை வெச்சா மத்ததெல்லாம் முன்னாடியே ஒதுங்கிக்கும், இதுங்க மீசை பட்டாத்தான் திரும்பும்." ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

குருட்டு எலியைக் கூண்டில் வைத்துக் கண்டுபிடிப்பது சுலபமில்லை என்பதும் உண்மை. சுண்டெலி மோப்பத்தாலும் மீசையாலும் வாழும் பிராணி. தீனித் தொட்டியும் தண்ணீர்க் குழாயும் எங்கே என்று அதற்குக் கண் சொல்ல வேண்டியதில்லை. பகல் இரவுகூட அதற்குத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரைக் குச்சி செல்கள் அழிந்துபோன சுண்டெலிகளும் விளக்கு எரிவது அணைவதை ஒட்டித் தம் அன்றாட ஓட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன என்று ரஸ்ஸல் ஃபாஸ்டர் குழு 1991-ல் காட்டியது. விழித்திரையில் வேறு ஒரு வகைச் செல் வெளிச்சத்தை மட்டும் உணர்கிறது என்பது பிற்பாடு தெளிவானது. பகலில் தூங்கி இரவில் ஓடியாடி, ஒழுங்காகக் குட்டி போடும் ஒரு எலியை யார் குருடு என்று சந்தேகப்படுவார்கள்?

விளக்கா, பிறவியா

இந்த இடத்தில் ஒரு வாரம் வழி தவறினோம்.

இரண்டாம் கூண்டு இருந்தது அடுக்கின் மேல்தட்டில், டியூப்லைட்டுக்குப் பக்கத்தில். அல்பினோ விலங்கின் கண்ணில் நிறமி கிடையாது. பலத்த வெளிச்சம் தொடர்ந்து பட்டால் விழித்திரையின் ஒளியுணர் செல்கள் செத்துப்போகும். ஆய்வகங்களில் அறிந்த விஷயம் இது. அட, விளக்குதான் குற்றவாளி என்று நினைத்து, கூண்டுகளை இடம் மாற்றி, டைமரைச் சரிபார்த்து, அலைபேசிச் செயலி வைத்து வெளிச்சம் அளந்துகொண்டிருந்தோம். அல்பினோ எலிகளுக்குப் பொதுவாகவே பார்வை கொஞ்சம் மட்டு என்பதும் குழப்பத்தைக் கூட்டியது.

ஆனால் அந்த விளக்கம் இரண்டு இடத்தில் உதைத்தது. ஒன்று, அதே மேல்தட்டில் அதே கூண்டில் இருந்த மற்ற இரண்டு எலிகளுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. இன்னொன்று, முதல் குழுவின் குருட்டு எலி இருந்தது கீழ்த்தட்டில், ஏறக்குறைய இருட்டில்.

நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி வாங்கி, இரண்டு எலிகளின் கண்ணைத் திசுப் பரிசோதனைக்கு எடுத்தோம். ஒன்று கொடியைக் கண்டது, ஒன்று காணாதது. தெரிந்த நோயியல் மருத்துவர் ஒருவர் சீவல் எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். பார்வை உள்ள எலியின் விழித்திரையில், ஒளியுணர் செல்களின் உட்கருக்கள் இருக்கும் வெளி உட்கரு அடுக்கு பத்து வரிசைக்குமேல் புள்ளி புள்ளியாக, கேழ்வரகைப் பரப்பியதுபோல் அடர்ந்திருந்தது. மற்றதில் அந்த அடுக்கே இல்லை. அங்கங்கே ஒற்றை வரிசையாகச் சில உட்கருக்கள், அவ்வளவுதான். உள்ளடுக்குகள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. ஒளியை வாங்கும் செல்கள் மட்டும் துடைத்தெடுத்ததுபோல் போயிருந்தன.

விளக்கையும் அப்போதே தள்ளிவிடவில்லை. முடிவு சொன்னது ஒரு குட்டி. இரண்டாம் கூண்டு எலிகளின் தகப்பனுக்குப் புதிதாகப் பிறந்த ஈற்றில், தாய்ப்பால் மறந்த, பிறந்து 22 நாள் ஆன ஒரு குட்டியின் கண்ணையும் பார்த்தோம். அது பிறந்தது முதல் கீழ்த்தட்டின் நிழலில் வளர்ந்தது. அதிலும் அடுக்கு காலி.

மூன்று வாரத்துக்குள் குச்சி செல்கள் போய்விடுகின்றன, ஒரே ஈற்றில் சிலதுக்கு மட்டும் போகிறது, எலி ஸ்விஸ் வகை. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய பெயர் ஒன்றுதான்: ஆர்டி1.

நூறு வயதுப் பிறழ்வு

இதன் வரலாறு சுவையானது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1924-ல் அமெரிக்காவில் கிளைட் கீலர் என்பவர் குச்சி செல் இல்லாத விழித்திரை கொண்ட சுண்டெலிகளைப் பற்றி எழுதினார். அது பரம்பரையாக வருவது என்றும் காட்டினார். பிற்பாடு வேறு ஆய்வகங்களில் அதே மாதிரிக் குருட்டு எலிகள் தென்பட்டு, ஆர்டி என்று பெயர் பெற்றன. இரண்டும் ஒன்றா என்ற கேள்வி பல காலம் தொங்கிக்கொண்டிருந்தது. 1993-ல் கீலர் உட்பட ஒரு குழு, 70 ஆண்டு பழைய கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த அந்த விழித்திரைச் சீவலிலிருந்தே டிஎன்ஏவை எடுத்து, பிசிஆர் (ஒரு டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து, இரண்டும் ஒரே பிறழ்வுதான் என்று நிறுவியது. இளமையில் பார்த்த எலியின் மரபணுவை முதுமையில் படித்துப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பிறழ்வு இருப்பது ஐந்தாம் குரோமோசோமில், பிடிஇ6பி என்ற மரபணுவில். குச்சி செல்லில் சைக்ளிக் ஜிஎம்பி என்னும் தூது மூலக்கூறை உடைக்கும் நொதியின் ஒரு பாகத்தை இந்த மரபணுதான் செய்கிறது. நொதி வேலை செய்யாவிட்டால் அந்த மூலக்கூறு செல்லுக்குள் குவியும், கால்சியம் கட்டுமீறி உள்ளே வரும், செல் சாகும். ஆர்டி1 எலியில் இந்த மரபணுவில் இரண்டு கோளாறு சேர்ந்தே வருகிறது. முதல் இன்ட்ரானில், அதாவது புரதமாக மாறாத இடைத்துண்டில், ஒரு வைரஸ் துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தோடு, மரபணுவின் மூன்றெழுத்துக் குறியீடுகளில் 347-ஆவதில் டி-ஏ-சி என்று இருக்க வேண்டியது டி-ஏ-ஏ என்று மாறியிருக்கிறது. ஒரே ஒரு எழுத்து. டி-ஏ-சி என்றால் டைரோசினைச் சேர் என்று பொருள். டி-ஏ-ஏ என்றால் இங்கேயே நிறுத்து என்று பொருள். புரதம் பாதியில் நின்றுபோகிறது. மனிதரிலும் இதே மரபணு கெட்டால் ஒரு வகை விழித்திரைச் சிதைவு நோய் வருகிறது.

சி3ஹெச், எஃப்விபி போன்ற, உறவுக்குள்ளேயே சேர்த்துப் பெருக்கிய சுண்டெலி இனங்களில் எல்லா எலியும் இந்தப் பிறழ்வோடுதான் பிறக்கும். அவற்றை வாங்குபவருக்கு அது முன்பே தெரியும். ஸ்விஸ் எலியில் தொல்லையே வேறு. 1926-ல் கிளாரா லின்ச் சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 2 ஆண், 7 பெண் எலிகளின் வழிவந்தவை இவை. ஒரே அச்சாக இல்லாமல் கலந்து வளர்க்கப்படுபவை. அதனால் ஒரு கூடத்து ஸ்விஸ் எலிகளில் ஆர்டி1 இருக்கலாம், பக்கத்துக் கூடத்தில் இல்லாமல் போகலாம், ஒரே கூடத்தில் சிலதில் மட்டும் இருக்கலாம். வெள்ளை முடியும் சிவந்த கண்ணும்கூடப் பரம்பரைப் பிறழ்வுதான், டைரோசினேஸ் மரபணுவில் நேர்ந்தது. அது வெளியே தெரிவதால் நாம் அதைக் குறை என்று நினைப்பதே இல்லை.

காது நுனியிலிருந்து ஜெல் வரை

எங்கள் பயோடெக் துறையில் ஒரு பிசிஆர் இயந்திரம் உண்டு. இளநிலை மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை காட்டிவிட்டு உறை போட்டு மூடிவிடுவார்கள். அதை எடுத்தோம்.

அடையாளத்துக்காக எப்படியும் காதில் துளை போடுகிறோம். அந்த 2 மில்லிமீட்டர்த் துண்டே டிஎன்ஏவுக்குப் போதும். வாலை வெட்ட வேண்டியதில்லை. துண்டைச் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் போட்டு 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறியதும் அதே அளவு டிரிஸ் கரைசலை ஊற்றி நடுநிலைப்படுத்தினால் வேலை முடிந்தது. கிட், ஃபீனால் ஒன்றும் வேண்டாம். முதல் நாள் டிரிஸ் ஊற்றாமல் நேராக பிசிஆரில் போட்டோம். காரத்தில் நொதி செத்துப்போய், டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அளவுகோல் பட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஜெல் ஓடும்போது கரண்ட் போனது. மூன்றாம் நாள் பட்டை வந்தது.

சோதனையின் தத்துவம் இதுதான். பிடிஇ6பி மரபணுவில் அந்த 347-ஆம் குறியீட்டைச் சுற்றிய ஒரு துண்டை பிசிஆரில் பெருக்குகிறோம். பிறகு டிடிஇ-1 என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியைப் போடுகிறோம். அந்த ஒற்றை எழுத்து மாறியிருந்தால் அங்கே இந்த நொதி அடையாளம் காணும் இடம் புதிதாக உருவாகிவிடும், துண்டை வெட்டும். மாறாவிட்டால் அந்த இடத்தில் வெட்டாது. ஒவ்வொரு எலிக்கும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. இரண்டு பிரதியும் நல்லதாயிருந்தால் ஜெல்லில் நீளத் துண்டு மட்டும். இரண்டும் கெட்டிருந்தால் குட்டைத் துண்டுகள் மட்டும். ஒன்று நல்லது ஒன்று கெட்டது என்றால் நீளமும் குட்டையும் சேர்ந்தே தெரியும். ஒரு எழுத்து மாறியதை வெறும் கண்ணால் பார்க்கும் வழி என்பதால் எனக்கு இந்த முறைமேல் ஒரு பிரியம். வைரஸ் துண்டு புகுந்த இடத்தைக் குறிவைத்து, நொதி இல்லாமல் பிசிஆர் மட்டும் செய்யும் வழியும் இருக்கிறது. நொதி கையிலிருந்ததால் நாங்கள் முன்னதை எடுத்தோம்.

முதல் முழு ஓட்டத்தின் முடிவைப் பார்த்துத் தலையில் கை வைத்தோம். கொடியைக் காணாத ஆறில் மூன்று மட்டுமே இரண்டு பிரதியும் கெட்டவை. மீதி மூன்றும் கேரியர், அதாவது ஒரு பிரதி மட்டும் கெட்டவை, என்று ஜெல் சொன்னது. இது ஒடுங்கு பண்பு. ஒரு பிரதி நல்லதாக இருந்தாலே எலிக்குக் கண் தெரியும். அப்படியானால் அந்த மூன்றும் எதனால் குருடாயின? வேறு பிறழ்வா? விளக்கு மறுபடி சந்தேகப் பட்டியலுக்குள் வந்தது.

காரணம் அரைகுறை வெட்டு. நொதிக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்திருந்தோம், குப்பியும் பழையது. கெட்ட பிரதிகள் பாதி வெட்டுப்பட்டு, பாதி முழுசாக நின்றன. ஜெல்லில் அது அச்சு அசலாக கேரியர் மாதிரியே தெரியும். ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வைத்து மரபணு வகை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது. நாங்கள் விழுந்ததற்குக் கூடுதல் காரணம், எங்களிடம் ஒப்புநோக்க ஒரு உறுதியான மாதிரி இல்லை. இரண்டு பிரதியும் கெட்டது என்று தெரிந்த சி3ஹெச் எலியின் டிஎன்ஏ ஒரு துளி இருந்திருந்தால், அதுவும் அரைகுறையாக வெட்டுப்பட்டதைப் பார்த்து அன்றே உஷாராகியிருப்போம். கிருஷ்ணகிரியில் சி3ஹெச்சுக்கு எங்கே போவது?

அதனால் ஒப்பு மாதிரியை நாங்களே செய்துகொண்டோம். கொடியைக் கண்டதில் நான்கு, காணாததில் நான்கு, ஆக எட்டு எலிகளின் பிசிஆர் துண்டுகளைச் சிறு ஐஸ் பெட்டியில் போட்டு, மாணவி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறி பெங்களூரில் தெரிந்த ஒரு ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு அன்று இரவே திரும்பினாள். எழுத்து எழுத்தாக வரிசை படித்து முடிவு வந்தது. காணாத நான்கிலும் டி-ஏ-ஏ மட்டும். கண்ட நான்கில் இரண்டில் டி-ஏ-சி மட்டும். மற்ற இரண்டில் அந்த ஓர் இடத்தில் மட்டும் இரண்டு சிகரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தது, சியும் ஏயும். கேரியர். ஆக மூன்று வகைக்கும் எங்கள் கையில் சொந்த மாதிரி. அதற்குப்பிறகு ஒவ்வொரு ஜெல்லிலும் அந்த மூன்றும் ஓரத்தில் ஓடும். புது நொதி, இரவு முழுக்க 37 டிகிரி. குருட்டு மாதிரியில் நீளத் துண்டு ஒரு நிழல் தெரிந்தாலும் அந்த ஜெல்லை எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது முப்பதும் தெளிவாகப் பிரிந்தன. இரண்டு பிரதியும் கெட்டவை 6, அந்த ஆறேதான். 13 கேரியர். 11 சுத்தம்.

பதிவேடு

அடுத்த கேள்வி, நான்கு குருடு எப்படி ஒரே கூண்டில் சேர்ந்தது. இதற்கு விடை ஜெல்லில் இல்லை, இனப்பெருக்கப் பதிவேட்டில் இருந்தது. பென்சிலில் எழுதி, சில இடத்தில் அழிந்து, ஒரு பக்கத்தில் டீக் கறையோடு.

பொலிக்கு வைத்திருந்தது 4 ஆண், 8 பெண். அவற்றையும் சோதித்தோம். ஒரு ஆணும் மூன்று பெண்ணும் கேரியர், ஏழு சுத்தம், மிச்சமிருந்த ஒன்று, இரண்டாம் எண் ஆண், தானே குருடு. நல்ல எடை, நல்ல சுபாவம், எப்போது ஜோடி சேர்த்தாலும் ஏமாற்றாது என்று நாங்கள் ஆசையாக வைத்திருந்த ஆண் அது.

இரண்டாம் கூண்டு முழுக்க அதன் குட்டிகள், தாய் ஒரு கேரியர். அப்படிச் சேர்ந்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி குருடு, பாதி கேரியர், சுத்தம் ஒன்றுகூட வராது. ஆறில் நான்கும் இரண்டுமாக விழுந்திருக்கிறது. அதே ஆண் ஒரு சுத்தமான பெண்ணோடு சேர்ந்து பெற்றவை மூன்றாம் கூண்டு: ஆறும் கேரியர், ஆறுக்கும் கண் தெரியும். ஒன்றாம், நான்காம் கூண்டுகள் கேரியர் ஆணுக்கும் கேரியர் பெண்களுக்கும் பிறந்தவை. நான்கில் ஒன்று குருடு வர வாய்ப்புள்ள ஜோடிகள், ஒவ்வொரு கூண்டிலும் ஒன்று வந்திருந்தது. ஐந்தாம் கூண்டின் பெற்றோர் இருவரும் சுத்தம், குட்டிகளும் சுத்தம்.

நாங்கள் செய்த பாவம் என்னவென்றால், கூண்டையே குழுவாக வைத்துக்கொண்டோம். எடுத்துப் பிரிக்கும் வேலை மிச்சம், மருந்து மாறிப்போகும் பயமில்லை என்று இரண்டாம் கூண்டுக்கு ஸ்கோபோலமின், ஐந்தாம் கூண்டுக்கு 400 மில்லிகிராம் வல்லாரை. குடும்பமும் குழுவும் ஒன்றாகிவிட்டது. வல்லாரையின் வெற்றி என்று நாங்கள் எழுதி அனுப்பியதில் பெரும்பங்கு, ஒரு குருட்டுத் தகப்பனின் குட்டிகள் எந்தக் கூண்டில் விழுந்தன என்பதுதான். கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். கடிதத்தில் காரணத்தை முழுசாக எழுதவா, சொந்தக் காரணங்கள் என்று முடித்துக்கொள்ளவா என்று ஒரு நாள் யோசித்து, முழுசாகவே எழுதினேன்.

நான்கு ஆண் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் கலந்து வளர்க்கும் இனம் என்ற பெயருக்கு அர்த்தமில்லை. பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்ததில் தகப்பன்–மகள் சேர்க்கை இரண்டு இடத்தில் இருந்தது. மாணவர்களுக்கு இதை விளக்க நான் எங்கள் ஊர்க் கணக்கையே எடுப்பேன். அக்காள் மகளைக் கட்டினால், பிள்ளைக்கு ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேர 8-ல் 1 வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் 16-ல் 1. அண்ணன்–தங்கை அல்லது தகப்பன்–மகள் எலிச் சேர்க்கையில் 4-ல் 1. இந்தக் கணக்கைப் போடும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும். முதல் இரண்டு வகையில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகள் அங்கே பலர். நானும் அந்த வகைதான். அந்த எண் ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சொல்லாது, குடும்பத்தில் ஒளிந்து ஓடும் ஒடுங்கு மரபணு வெளியே வர எவ்வளவு வழி திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

கூடத்தைச் சுத்தம் செய்வது

குருட்டு எலிகளை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதாதா என்று கல்லூரி நிர்வாகத்தில் கேட்டார்கள். கொடிச் சோதனைக்குச் செலவில்லை, பிசிஆருக்கு உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு ஒத்துவராது. நூறு எலியில் ஒன்று குருடு என்று வையுங்கள். எலிகள் தற்செயலாகச் சேரும் கூட்டத்தில், கெட்ட பிரதியின் விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது பத்தில் ஒன்று. அப்படியானால் கேரியர்கள் நூறில் 18. கண்ணில் படும் ஒன்றை விலக்குகிறோம், படாத பதினெட்டு பொலியில் நிற்கிறது. இன்னொன்று: இரண்டு கேரியருக்குப் பிறந்த, நன்றாகக் கண் தெரியும் ஒரு குட்டியை எடுத்தால், அது கேரியராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பார்வையை வைத்து இந்தக் கறையைத் துடைக்க முடியாது. பொலி எலிகள் ஒவ்வொன்றையும் ஜெல்லில் பார்த்தாக வேண்டும். அவற்றை மட்டும் பார்த்தால் போதும். பெற்றோர் இருவரும் சுத்தம் என்றால் குட்டிகளைத் தொட வேண்டியதில்லை. பன்னிரண்டு காதுத் துண்டுதான் செலவு என்றதும் ஒப்புக்கொண்டார்கள்.

ஏழு சுத்தமான எலிகளை வைத்து மறுபடி தொடங்கினோம். எலி வாங்கிய இடத்துக்குப் போன் செய்து சொன்னேன். அங்கே பேசியவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டு, "எங்ககிட்ட வாங்கின வேற யாரும் இப்படிச் சொன்னதில்லையே மேடம்" என்றார். உண்மையாக இருக்கலாம். கொடி நட்டுப் பார்க்காத யாருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை.

ஆய்வை மாணவி திரும்பச் செய்தாள். படிப்பு முடிய இருந்த அவகாசத்துக்குள் ஒரு வழியாக முடித்தாள். இம்முறை ஒவ்வொரு ஈற்றையும் ஐந்து குழுவுக்கும் சீட்டுப் போட்டுப் பிரித்தோம். மருந்துக்கு முன்பே எல்லா எலியும் கொடிச் சோதனையில் தேறியது. நேரம் குறித்தவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியாது. ஸ்கோபோலமின் கொடுத்தவை கொஞ்சம் தாமதித்தன, முன்பு வந்த 46 விநாடிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வல்லாரை கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் நடுவே பிரித்துச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆறாறு எலிகளை வைத்து, வல்லாரைக்குப் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆய்வேட்டில் அப்படியே எழுதினாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் வல்லாரையைப் பற்றி ஒரு கேள்வியும், குருட்டு எலிகளைப் பற்றி அரை மணி நேரமும் கேட்டார்.

புது இரத்தம் வேண்டுமென்று சென்ற ஆண்டு வேறொரு இடத்திலிருந்து 12 எலிகள் வாங்கினோம். வந்த பெட்டியைத் தனி அறையில் வைத்து, காது துளைத்து, ஜெல் ஓட்டினோம். 10 சுத்தம். 2 கேரியர்.